வில்லாபுரத்திலிருந்து சலேத் அன்னையின் மலைக்கு

பயணக் கட்டுரை எழுதுவோர் வீட்டுப் படியை விட்டு இறங்கிய நேரத்திலிருந்து தொடங்குவதே மரபு. எங்கள் கொடைக்கானல் யாத்திரையோ, படியை விட்டு இறங்குவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே, வில்லாபுரத்துப் பட்டறை ஒன்றின் வேப்பமர நிழலில் தொடங்கிவிட்டது. மலைக்குச் சென்று திரும்பிய 240 கிலோமீட்டரைக் காட்டிலும், அந்தப் பட்டறைக்கும் அவனியாபுரத்துக்கும் இடையே ஓட்டிப் பார்த்த நான்கைந்து கிலோமீட்டரே எங்களுக்கு அதிகம் கற்றுத் தந்தது. பழைய வாகனம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும், திருவிழாக் காலங்களில் அத்தகைய வாகனங்களில் திருத்தலங்களுக்குச் செல்வோருக்கும் அது பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதத் துணிந்தோம்.

எங்கள் ஊரும் எங்கள் வண்டியும்

மதுரை நகரின் தெற்குவாசலைக் கடந்து, மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் வில்லாபுரம். அங்கிருந்து சாலை அவனியாபுரத்துக்கும், அதற்கப்பால் விமான நிலையத்துக்கும் செல்கிறது. பொங்கலன்று ஜல்லிக்கட்டு காண வரும் கூட்டமெல்லாம் இவ்வழியேதான் அவனியாபுரம் போகும். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளும், சிறு கடைகளும், திண்ணையில் அமர்ந்து ஊதுபத்தி உருட்டும் பெண்களும், மேற்கே தொலைவில் திருப்பரங்குன்றத்து மலையுமாக உழைப்பாளிகள் நிறைந்த பகுதி இது.

மதுரைக்கு மோட்டார்த் தொழில் புதிதன்று. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம் இந்நகரில்தான் வேரூன்றியது. பழங்காநத்தத்தை அடுத்துள்ள டி.வி.எஸ். நகர் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தொழிலின் நிழலில் வளர்ந்த கைவினைஞர்கள் பலர். கடைசல் பட்டறை, பட்டை அடிக்கும் பட்டறை, ரேடியேட்டர் பார்க்கும் கடை என்று அவர்களுடைய சிறு தொழிலகங்கள் நகரின் தென்பகுதியெங்கும் காணக் கிடைக்கின்றன.

எங்கள் வண்டி, தந்தையார் 1988இல் வாங்கிய அம்பாசடர். மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை உருவாகி, இந்நாட்டுச் சாலைகளில் அமைச்சரையும் மணமக்களையும் நோயாளியையும் வேறுபாடின்றிச் சுமந்த வண்டி அது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 14ஆம் நாள் விடியற்காலையில், குடும்பத்தாரை அதில் ஏற்றிக்கொண்டு, கொடைக்கானல் சலேத் அன்னையின் திருவிழாவுக்குத் தந்தையார் அழைத்துச் செல்வது வழக்கம். கண்ணாடிக்குக் கீழே ஒரு செபமாலை தொங்கும். வழியெல்லாம் செபமாலை சொல்லிக்கொண்டே போவோம்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் தந்தையார் இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்து திரும்பிய மாலை, வண்டியை வீட்டுக்கு முன்னுள்ள ஓலைக் கொட்டகையில் நிறுத்தினோம். அதன் பின்னர் ஒன்பது மாதங்கள் அதை எவரும் தொடவில்லை. ஆடி மாதம் பிறந்தபோது தாயார் சொன்னார்: "இந்த வருஷமும் சலேத் மாதாகிட்ட போகணும். பஸ்ஸில வேண்டாம், அவரோட வண்டியிலேயே போகணும்." கணவரை இழந்த எழுபத்திரண்டு வயது மூதாட்டியின் அந்த ஒரே விருப்பத்தை மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

உதறல்

பேட்டரி மாற்றினோம், எண்ணெய் மாற்றினோம், வெடிப்பு விழுந்திருந்த டயர்களுக்குப் பதிலாக நான்கு புதிய டயர்கள் போட்டோம். வண்டி உயிர் பெற்றது. ஆனால் முதல் நாள் ஓட்டத்திலேயே, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை மிதித்தபோது வண்டி முழுவதும் உதறியது. கண்ணாடியில் தொங்கிய செபமாலை கடிகாரப் பெண்டுலம்போல் ஆடியது. காலை எடுத்தால் உதறல் நின்றது. மீண்டும் மிதித்தால் மீண்டும் வந்தது.

ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் எங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாங்களும் எதையும் விளக்கவில்லை. ஸ்டியரிங்கைச் சேர்ந்த சில பாகங்களை மாற்றி, சக்கரங்களின் அலைன்மென்ட்டைச் சரிபார்த்து, கணிசமான தொகையும் பெற்றுக்கொண்டார். வண்டியை வெளியே எடுத்து முதல் வளைவில் பிரேக்கை மிதித்தோம். உதறல் அப்படியே இருந்தது. பாகத்தை மாற்றினோமேயன்றிக் காரணத்தைத் தேடவில்லை. பிழையில் பாதி எங்களுடையதே.

அப்போதுதான் அண்டை வீட்டார், வில்லாபுரத்திலேயே நாற்பது ஆண்டுகளாக அம்பாசடர் வண்டிகளைப் பார்த்துவரும் முதியவர் ஒருவரிடம் எங்களை அனுப்பினார். எல்லாரும் அவரைப் 'பாய்' என்றே அழைப்பார்கள். திருவிழாவுக்கு அப்போது ஒரு வாரமே எஞ்சியிருந்தது.

ஐந்து கேள்விகள்

பாய் வண்டியின் முன்மூடியைத் திறக்கவில்லை. கையில் ஸ்பானரையும் எடுக்கவில்லை. மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, "உட்காருங்க தம்பி, முதல்ல கதையச் சொல்லுங்க" என்றார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கேள்விகள் கேட்டார்.

முதற்கேள்வி: "எப்பவும் உதறுதா, பிரேக் அடிச்சா மட்டும் உதறுதா?" எப்போதும் உதறினால் டயர், ரிம், பேலன்சிங், பேரிங் ஆகியவற்றை ஆராய வேண்டும். பிரேக்கின்போது மட்டும் உதறினால் பெரும்பாலும் டிரம்மிலோ டிஸ்க்கிலோதான் குறை இருக்கும். முன்பக்க மூட்டுகளும் புஷ்களும் தளர்ந்திருந்தாலும் பிரேக்கின் இழுப்பில் அத்தளர்ச்சி வெளிப்படும் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது: "கையில தெரியுதா, இருக்கையில தெரியுதா?" ஸ்டியரிங் வளையம் கையில் துடித்தால் குறை முன் சக்கரங்களில். கை அமைதியாக இருக்க, இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரங்களில். நாங்கள் சற்று யோசித்தோம். உடல் முழுவதும் குலுங்கியதேயன்றி, ஸ்டியரிங் கையில் துடித்ததாக நினைவில்லை. முந்தைய பட்டறையில் இதை ஒருவர் கேட்டிருந்தால், அல்லது நாங்களாகவே சொல்லியிருந்தால், ஸ்டியரிங் பாகங்களுக்குச் செலவிட்ட பணம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது: "வேகம் குறைய உதறலும் மெதுவாகுதா?" எங்கள் வண்டியின் சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தூரம் போகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஏறத்தாழ 8 முறையும், 30 கிலோமீட்டரில் 4 முறையும் சுழல்கிறது. உதறலும் அதே கணக்கில் வேகமாகத் தொடங்கி மெதுவாகத் தேய்ந்தால், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோவொன்று வட்டம் தவறியிருக்கிறது என்பது பொருள். பெடலும் அதே தாளத்தில் காலை மேலே தள்ளும்.

நான்காவது: "சூடானா கூடுதா?" சிறிது ஓடியபின் உதறல் மிகுந்தால், வெப்பத்தால் வட்டம் மேலும் கோணுகிறது என்று கொள்ளலாம்.

ஐந்தாவது கேள்வியை அவர் மெதுவாகக் கேட்டார்: "எப்ப இருந்து?"

தந்தையார் ஓட்டியவரை இந்த உதறல் இல்லை. ஒன்பது மாதம் நிறுத்தி, மீண்டும் எடுத்த நாளிலிருந்துதான். "நிறுத்தும்போது கை பிரேக் போட்டிருந்தீங்களா?" என்றார். ஆம், அடக்கத்திலிருந்து திரும்பிய அந்த மாலையில், கலங்கிய மனத்தோடு கை பிரேக்கை இறுக இழுத்தவர்கள் நாங்களே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓலைக் கூரை ஒழுகியதையும் கண்டும் காணாமல் இருந்தவர்கள் நாங்களே.

பாய் எழுந்து சென்று டிக்கியைத் திறந்தார். உள்ளே இரண்டு மரக்கட்டைகள் கிடந்தன. ஆண்டுக்கணக்கில் நாங்கள் பார்த்து வந்த கட்டைகள். அவை எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. "உங்க அப்பா வெவரமானவரு. நாள்கணக்கா நிறுத்துனா கை பிரேக் போட மாட்டாரு. கியர்ல விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வச்சிருப்பாரு. அதுக்குத்தான் இது" என்றார்.

அவனியாபுரம் சாலையில் ஒரு சோதனை

ஊகம் போதாது, உறுதி வேண்டும் என்று மறுநாள் விடியற்காலை எங்களை வரச்சொன்னார். போக்குவரத்து இல்லாத நேரம், காய்ந்த சாலை. அவனியாபுரம் நோக்கி அவரே ஓட்டினார். முதலில் பெடலை மெல்ல மிதித்து உதறலைக் காட்டினார். ஸ்டியரிங்கின் மேல் இரு விரல்களை மட்டும் வைத்திருந்தார்; அவை அசையவில்லை. அடுத்து, வேகத்தை 30 கிலோமீட்டருக்குக் குறைத்து, பின்னால் எவரும் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, கை பிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே அதை மெதுவாக மேலே இழுத்தார். உடனே அதே உதறல், அதே தாளம்.

கை பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். ஆகவே குறை பின் டிரம்களில்தான் என்பது ஐயமற விளங்கிவிட்டது. இந்தச் சோதனையைப் பழகிய கைதான் செய்ய வேண்டும். ஈரச் சாலையிலோ, நெரிசலிலோ, வேகத்திலோ ஒருபோதும் செய்யக் கூடாது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும்.

பட்டறைக்குத் திரும்பி, வண்டியை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'சரக்' என்று உரசி, மறுபக்கம் தடையின்றிச் சுழன்றது. டிரம்மைக் கழற்றியதும், உள்ளிருந்த தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தார். பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அத்தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. துடைத்தபின், ஷூ ஒட்டியிருந்த இடங்களில் டிரம்மின் உட்பரப்பில் துரு திட்டுத்திட்டாகப் பதிந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது. ஈரம் குடித்த லைனர் இரும்பை இறுகப் பற்றிக்கொண்டு ஒன்பது மாதம் நின்றதன் விளைவு அது.

தெற்குவாசல் பக்கத்துக் கடைசல் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது, டிரம் கால் மில்லிமீட்டருக்கு மேல் வட்டம் தவறியிருந்தது. நகத்தின் பருமன்கூட இல்லாத அந்த அளவுதான் ஒரு வண்டியையும் அதிலிருந்த அத்தனை பேரையும் குலுக்கியிருக்கிறது.

மாருதி போன்ற வண்டிகள் வைத்திருப்போர் ஒன்றை அறிய வேண்டும். அவற்றின் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் உண்டு. டிஸ்க்கின் கனம் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வேறுபட்டாலே ஸ்டியரிங் துடிக்கத் தொடங்கும். 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் அது வளைவதில்லை; பேடின் பொருள் திட்டுத்திட்டாக அதன்மேல் ஒட்டியிருக்கும், அல்லது டிஸ்க் ஓரளவு கோணலாகப் பொருந்திச் சுழன்று சுழன்று ஓரிடத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். வீல் நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிராக மாற்றி மாற்றிச் சமமாக முடுக்காமல், ஒரே மூச்சில் இறுக்குவதும், ஹப்பில் படிந்த துருவைத் துடைக்காமல் டிஸ்க்கை ஏற்றுவதும் அதற்கு வழி செய்யும். ஏ.பி.எஸ். உள்ள புதிய வண்டிகளில் அவசரமாக மிதிக்கும்போது பெடல் துடிப்பது இயல்பே. அதைக் குறை என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

மலைக்குப் போகாதே என்ற சொல்

இடப்பக்க டிரம்மைக் கடைந்து வட்டமாக்கலாம். வலப்பக்கத்து டிரம்மோ முன்பே ஒருமுறை கடையப்பட்டது. மீண்டும் கடைந்தால் அனுமதித்த அளவைத் தாண்டி மெலிந்துவிடும். மெலிந்த டிரம் சூட்டைத் தாங்காது. ஒரே அச்சில் உள்ள இரண்டும் ஒரே அளவில் இருந்தாலன்றி வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எனவே இரண்டையும் மாற்றுவதே முறை. வண்டி உற்பத்தி நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டமையால், சென்னையிலிருந்துதான் டிரம்களை வரவழைக்க வேண்டும். திருவிழாவுக்கோ ஐந்தே நாட்கள்.

நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டோம்: "மெதுவாகப் போய் வந்துவிடலாமா, பாய்? உதறல்தானே? பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது?"

அவர் எங்களுக்குப் பதில் சொல்லாமல், பின் இருக்கையில் அமர்ந்திருந்த தாயாரிடம் சென்றார். "அம்மா, ஏறுறதுக்கு இந்த வண்டி போதும், இறங்குறதுக்குப் போதாது. மலையில மழை பேஞ்சு ரோடு நனைஞ்சிருக்கும்போது, துருப்பிடிச்ச இடம் திடீர்னு கவ்விச்சுன்னா வளைவுல வண்டி உங்க சொல்லைக் கேக்காது. மரியம் அம்மா எங்கேயும் போயிட மாட்டாங்க. ஒரு மாசம் கழிச்சுப் போங்க" என்றார்.

தாயார் சிறிது நேரம் பேசவில்லை. கண்கள் கலங்கியிருந்தன. பிறகு, "அவரு இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாரு" என்றார். அந்த ஆகஸ்ட் 15ஆம் நாள், விண்ணேற்புத் திருநாள் திருப்பலியை எங்கள் பங்கு ஆலயத்திலேயே கண்டோம். பல்லாண்டுகளில் முதன்முறையாக நாங்கள் சலேத் அன்னையின் தேர்பவனியைக் காணவில்லை. வருத்தம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்று வாரங்களில் டிரம்கள் வந்தன. புதிய ஷூக்களைப் பொருத்தியபின், பழைய பிரேக் ஆயிலையும் பாய் மாற்றினார். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. சாதாரண வகை ஆயில், புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியசுக்குமேல் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து பெடல் பஞ்சுபோல் அமுங்கிவிடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. பின்னர், அவனியாபுரம் சாலையில் மிதமான வேகத்தில் இருபது முப்பது முறை, இடைவெளி விட்டு மெதுவாகப் பிரேக் பிடித்து, ஷூவையும் டிரம்மையும் ஒன்றோடொன்று பழக விட்டார். இறுதியில் எங்களிடம் வண்டியைக் கொடுத்து மிதிக்கச் சொன்னார். மிதித்தோம். செபமாலை முன்னோக்கி ஒருமுறை சாய்ந்து, அமைதியாகத் திரும்பி நின்றது.

மலைப்பாதையில்

செப்டம்பர் 18ஆம் நாள் காலை ஐவர் புறப்பட்டோம். அந்த நாளைத் தேர்ந்தவர் தாயாரே. காரணத்தைப் பின்னர் சொல்வோம். பழங்காநத்தம், காளவாசல் வழியாகத் திண்டுக்கல் சாலையைப் பிடித்தோம். 1953இல் லியோன்ஸ் புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் தொடங்கிய பாத்திமா கல்லூரியைக் கடந்து, சமயநல்லூர் தாண்டி, வாடிப்பட்டியில் ஆரோக்கிய அன்னையின் திருத்தலத்தில் இறங்கிச் சிறிது நேரம் செபித்தோம். நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் பின்னே நகர, நிலக்கோட்டையையும் வத்தலக்குண்டையும் கடந்து, காட்ரோட்டில் மலையேறத் தொடங்கினோம்.

டம்டம் பாறையில் நின்று, பள்ளத்தாக்குக்கு அப்பால் வெள்ளை நூலாகத் தொங்கும் தலையாறு அருவியைக் கண்டோம். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அதனை 'எலிவால் அருவி' என்றும் அழைப்பர். ஊத்து, பெருமாள்மலை என்று காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. வெள்ளி நீர்வீழ்ச்சியின் சாரல் முகத்தில் பட்டது. 1895இல் இயேசு சபையினர் நிறுவிய செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியைத் தாயார் கைகூப்பி வணங்கினார். மாலைக்குள் கொடைக்கானலை அடைந்தோம்.

மறுநாள் செப்டம்பர் 19. 1846ஆம் ஆண்டு இதே நாளில்தான், பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள லா சலேத் என்னும் இடத்தில், மெலானி, மாக்சிமின் என்ற இரு மேய்ப்பர் சிறுவர்களுக்கு அன்னை காட்சியளித்தார். அமர்ந்து, முகத்தைக் கைகளால் மூடி, அழுதுகொண்டிருந்த அன்னை அவர். 1851இல் கிரெனோபிள் ஆயர் அக்காட்சியை ஏற்றறிவித்தார். பிரெஞ்சு இயேசு சபைக் குருவான லூயி சென் சீர் அடிகளார் 1866இல் கொடைக்கானல் மலையில் அந்த அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். இத்தனை ஆண்டுகளாக ஆகஸ்ட் திருவிழாக் கூட்டத்தில் நெருக்குண்டு வந்து சென்ற எங்களுக்கு, காட்சி அருளிய நாளிலேயே, கூட்டமில்லாத அமைதியில், அழும் அன்னையின் முன்னே நெடுநேரம் அமர்ந்திருக்கும் பேறு அன்று கிடைத்தது. தாயாரும் அழுதார். கணவரின் மறைவுக்குப் பின் எங்கள் முன்னிலையில் அவர் மனம் விட்டு அழுதது அன்றுதான்.

இறக்கம்

நண்பகலில் இறங்கத் தொடங்கினோம். வாசக அன்பர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஐவருடனும் மூட்டை முடிச்சுகளுடனும் எங்கள் வண்டியின் எடை ஏறத்தாழ 1,500 கிலோ. கொடைக்கானலிலிருந்து அடிவாரம்வரை அது ஏறத்தாழ 1,800 மீட்டர் கீழிறங்குகிறது. அந்த இறக்கத்தின் ஆற்றல் மின்சாரக் கணக்கில் 7 யூனிட்டுக்கு மேல். 80 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். அதன் ஒரு பங்கைக் காற்றும் இன்ஜினும் ஏற்றுக்கொள்ளாவிட்டால், முழுவதையும் நான்கு இரும்பு டிரம்களே தாங்க வேண்டும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவிடமிருந்து விலகிப்போகும். பெடல் மேலும் மேலும் கீழே இறங்கும். உதறும் பிரேக்கோடு இம்மலையில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருந்தது.

'ஏறிய கியரிலேயே இறங்கு' என்பது மலை ஓட்டுநரின் பழைய விதி. அதையே பின்பற்றினோம். நியூட்ரலில் விடவில்லை, இன்ஜினை அணைக்கவில்லை, பெடலில் காலை ஊன்றியே வராமல், மிதித்து, விட்டு, மீண்டும் மிதித்தோம். ஏறிவரும் வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டோம். ஊத்துக்குக் கீழே ஒரு வேன் ஓரமாக நின்றது. அதன் சக்கரங்களிலிருந்து புகையும் கருகல் நாற்றமும் எழ, குழந்தைகள் சாலையோரத்தில் நின்றிருந்தார்கள். நாங்களும் நிறுத்தி, சக்கரங்கள் தானாக ஆறும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொன்னோம். சூடான இரும்பில் தண்ணீர் பட்டால் அது கோணும், வெடிக்கவும் கூடும். அவர்கள் எல்லாரும் நலமே. டம்டம் பாறையில் எங்கள் சக்கரங்களின் அருகே கையை நீட்டிப் பார்த்தோம்; இதமான சூடு மட்டுமே இருந்தது.

இரவு எட்டு மணிக்கு வில்லாபுரம் சேர்ந்தோம். வண்டியைப் புதிய தகரக் கொட்டகையில் நிறுத்தி, கியரில் விட்டு, டிக்கியிலிருந்த தந்தையாரின் இரண்டு கட்டைகளையும் எடுத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைத்தோம். கை பிரேக்கைத் தொடவில்லை.

ஒப்புரவுக்குச் செல்லுமுன் மனச்சோதனை செய்யும்படி திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. எப்போது தவறினோம், எங்கே தவறினோம், எப்போதிலிருந்து என்று பொறுமையாக நம்மையே கேட்க வேண்டும். பிறர்மீது பழிபோட்டு அவசரமாக எதையோ மாற்றிக்கொண்டால் உதறல் அப்படியே இருக்கும். இதை நாங்கள் சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்திருந்தோம். வேறு சமயத்தவரான ஒரு பெரியவர், வில்லாபுரத்து வேப்பமரத்தடியில் ஐந்து கேள்விகளால் அதை எங்களுக்கு மீண்டும் நினைவூட்டினார்.

அன்புக் குடும்பத்தாரே! வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ மலைக்கோ உங்கள் பழைய வண்டியில் புறப்படுமுன், ஒரு காலை நேரத்தில் வெறிச்சோடிய சாலையில் பிரேக்கை மெல்ல மிதித்துப் பாருங்கள். அது உதறினால், திருவிழாவைத் தள்ளிப்போடத் தயங்காதீர்கள். அன்னை காத்திருப்பார்.